'உண்டு' என்ற சொல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

போன கார்த்திகையில் அப்பா இறந்தார். புற்றுநோய். எட்டு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். அம்மா போகாத கோயில் இல்லை, போடாத நேர்ச்சை இல்லை. இப்போதும் தினமும் விளக்கேற்றுகிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது. ஒருநாள் 'இது யாருக்கு?' என்று கேட்டுச் சிரித்துவிட்டேன். யூடியூபில் நிறைய விவாதங்கள் பார்க்கிறேன். கடவுள் நல்லவர் என்றால் சக்தி இல்லாதவர், சக்தி உள்ளவர் என்றால் நல்லவர் இல்லை என்ற வாதத்துக்கு யாரிடமும் பதில் இல்லை. கடவுள் உண்டு என்று நீங்கள் நினைக்கிறீர்களா? இதற்கு என்ன புத்தகங்கள் படிக்கலாம்? நண்பர்கள் சபரிமலைக்குக் கூப்பிடுகிறார்கள். நம்பிக்கை இல்லாமல் மாலை போடலாமா?

க., பாறசாலை

அன்புள்ள தம்பிக்கு,

எட்டு மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவருக்கு யார்மேலும் கோபப்பட உரிமை உண்டு, கடவுள்மேலும்தான். ஆனால் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது தப்பு. அந்த எட்டு மாதமும் அவரும் அதே வராந்தாவில்தானே இருந்தார்? முதலில் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

புத்தகப் பட்டியல் தர மாட்டேன். மாலை போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். அந்த வாதம் நல்ல வாதம்தான். கிரேக்கத்து எபிகூரஸின் பெயரில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. என்னிடமும் பதில் இல்லை. என் வருத்தம் வேறு. உங்கள் கடிதத்தில் அப்பா இரண்டு வரிதான் வருகிறார். விவாதம் தொடங்கியதும் அவரைக் காணோம். நம்பிக்கையை இரவல் வாங்கியவர்களை உங்களுக்குப் பிடிக்கவில்லை, சரி. நீங்கள் சந்தேகத்தை இரவல் வாங்கியிருக்கிறீர்களே!

'உண்டா' என்று கேட்டீர்கள். கொஞ்ச நாளாக அந்தச் சொல்தான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. களியக்காவிளைப் பக்கம் எங்கள் விளையின் ஓரத்தில் ஓடு போட்ட சின்ன நிழல்தாங்கல் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதிக்கொடுமையை எதிர்த்து நின்ற அய்யா வைகுண்டரின் வழியில் வந்தவர்கள் கும்பிடும் இடம். உள்ளே சிலை கிடையாது. ஒரு கண்ணாடி, முன்னால் விளக்கு. அந்த வழியின் தலைமைப்பதியான சாமித்தோப்பிலும் கண்ணாடிதான். வைகுண்டர் மறைந்தது 1851இல். பிற்பாடு 1927இல் கேரளத்துச் சீர்திருத்தத் துறவி நாராயண குரு சேர்த்தலைக்குப் பக்கம் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். அவர் 1888இல் நெய்யாற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனாக நாட்டிய அருவிப்புறம் உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கண்ணாடி என்றாலே 'உனக்குள் இறைவன்' என்று மேடையில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். என் பாட்டிக்கு அது ஒரு வரி இல்லை. திருவிதாங்கூரில் கோயில் நுழைவு விளம்பரம் வந்தது 1936இல். அப்போது அவளுக்கு இருபதைத் தாண்டியிருந்தது. அதுவரை பெரிய கோயில் எதற்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை. வைக்க விடவில்லை. தலைப்பாகை கட்டக்கூடாது என்றிருந்த காலத்தில் வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகையோடு கும்பிட வரச்சொன்னார் என்று அவள் சொல்லும்போது, நேற்று நடந்ததைச் சொல்வதுபோல இருக்கும். யாராவது வந்தால் 'அய்யா உண்டு' என்பாள். போனாலும் அதுதான். கொட்டாவி விட்டாலும் அதுதான்.

1984இல் என் தம்பி மஞ்சள் காமாலையில் போனான். ஒன்பது வயது. எனக்குப் பத்தொன்பது. துக்கம் கேட்க வந்தவர்களிடமும் பாட்டி 'அய்யா உண்டு' என்றாள். எனக்கு வெறி வந்துவிட்டது. "எங்க இருக்காரு? காட்டு" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போலத் தாங்கல் முற்றத்தைப் பெருக்கினாள். விளக்கில் எண்ணெய் விட்டாள், திரி போட்டாள். எல்லாவற்றையும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே செய்தாள். கையைப் பின்னால் நீட்டித் தடவித் தடவித் திரியைத் தூண்டுவாள். ஒருமுறை விரல் சுட்டுக் கொப்பளித்தது. அப்போதும் திரும்பவில்லை. ஏழு மாதம் அப்படியே நடந்தது. வாயில் மட்டும் 'அய்யா உண்டு' நிற்கவே இல்லை.

நான் அன்று முட்டாள்தனமாக, கிழவிக்குப் பழக்கம் விடவில்லை என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இல்லாத ஒருவருக்கு யாராவது ஏழு மாதம் முதுகைக் காட்டுவார்களா? அவளுடைய 'உண்டு' நீங்கள் கேட்கிற 'உண்டா'வுக்குப் பதில் இல்லை, தம்பி. அது ஒரு உறவு. பேச்சுவார்த்தை நின்றுபோனாலும் அண்ணன் அண்ணன்தானே, அதுபோல. நான் கத்தியது ஒரு நிமிஷம். அவள் சண்டை போட்டது ஏழு மாதம். எங்கள் இருவரில் கடவுளை அதிகம் சந்தேகப்பட்டது அவள்தான் என்று எனக்கு இப்போது படுகிறது. உங்கள் அம்மா ஏற்றும் விளக்கிலும் என்னென்ன சண்டை இருக்கிறதோ, நீங்கள் கேட்டுப் பார்த்ததில்லை.

எனக்கா? பாட்டி அளவுக்கு அந்த உறவு வாய்க்கவில்லை. சில வருஷங்கள் 'இல்லை' என்று உறுதியாக இருந்திருக்கிறேன். இப்போது 'அய்யா உண்டு' என்று யாராவது சொன்னால் நானும் திருப்பிச் சொல்கிறேன். அவ்வளவுதான் என் கையில் இருப்பது.

ஒருநாள் நான் போனபோது பாட்டி தாங்கலுக்குள் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றிருந்தாள். முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன பாட்டி என்றேன்.

"கரி பிடிச்சிருந்து மக்களே. மொகம் தெரியல்ல" என்றாள்.

அன்புடன்.