பழைய பி.எம்.டபிள்யூ. குழியில் தூக்கிப் போடுகிறது: ஸ்பிரிங் மாற்றணுமா?

2012 மாடல் 520டி, 19 அங்குல ரிம். ஹட்டன் – நுவரெலியா பாதையில் இடுப்பு நோகிறது என்கிறீர்கள். ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். முதலில் டயரைப் பாருங்கள்.

245/40 ஆர்19 டயர் என்றால் அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம், அதாவது 98 மி.மீ. தான். அது ரன்-ஃபிளாட் என்றால் இன்னும் விறைப்பு. காற்று இறங்கினாலும் வண்டியைத் தாங்கவே அந்தச் சுவரைத் தடிப்பாகச் செய்கிறார்கள். குழியின் விளிம்பை ஷொக் (அதிர்வுதாங்கி) உணருமுன் உங்கள் முதுகெலும்பு உணர்ந்துவிடும். 17 அங்குல ரிம்மில் 225/55 போட்டால் சுவர் 124 மி.மீ. ஆகிறது, சக்கரத்தின் மொத்த உயரம் ஏறத்தாழ மாறாது. நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். ஆனால் சாதாரண டயருக்கு மாறினால் ஸ்பெயார் வீலும் ஜாக்கும் கட்டாயம். மலை வளைவில் இரவில் பஞ்சரானால் யாரைக் கூப்பிடுவது?

அதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை: காலையில், வண்டி ஓடுமுன், காற்றை அளந்து பாருங்கள். சாரதி பக்கக் கதவுத் தூணில் காற்றளவு எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். முழுப் பாரத்துக்கான அளவை அடித்துவிட்டுத் தனியாக ஓட்டினால் கல் மாதிரித்தான் இருக்கும்.

விறைப்போடு 'டக் டக்' சத்தமும் வந்தால் சஸ்பென்ஷனின் புஷ் (ரப்பர் மூட்டு), லிங்க் (இணைப்புத் தண்டு) தேய்ந்திருக்கலாம். கராஜில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.