ஸ்பீக்கருக்கு 40/76 வயர் போதுமா?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "லண்டனில் இருந்து அண்ணா கொண்டுவந்து தந்த 2×40 வாற்ஸ் ஸ்ரீரியோ அம்பிளிபயரும் 6 ஓம் சின்ன ஸ்பீக்கர் சோடியும் இருக்கு. ஹோலில் ஒரு ஸ்பீக்கருக்கு 3 மீற்றர் வயர் காணும். மற்றது வாசல்நிலையைச் சுற்றிப் போறதால 9 மீற்றர் வரும். வீட்டு வயரிங்குக்குப் போடுற ஒற்றைக் கம்பி வயரே போதும் எண்டு கடைக்காரர் சொல்லுறார். அண்ணாவோ ஒக்சிசன் இல்லாத செப்பு வயர்தான் வேணும், பார்சலில் அனுப்பிறன் எண்டு நிக்கிறார். எதை வாங்கிறது?"

பார்சலுக்குக் காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஹாட்வெயார் கடையில் 40/76 இரட்டை ஃபிளெக்சிபிள் வயர், செப்புத்தான் என்று பார்த்து, 14 மீற்றர் வாங்குங்கள். 'யார்' கணக்கில் அளக்கிற கடை என்றால் 16 யார்.

யாழ்ப்பாணத்தில் 'ஓம்' என்று சொன்னால் பேச்சு முடிந்தது. வயர்க் கணக்கோ ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருக்கிற ஓமில்தான் தொடங்குகிறது, மின்னோட்டத்துக்கு இருக்கிற தடையை அளக்கும் அலகு அது. வயரின் தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 வீதத்தைத் தாண்டாமல் இருந்தால் காதுக்குக் குறை தெரியாது. உங்கள் 6 ஓமுக்கு அது 0.3 ஓம். மின்னோட்டம் ஒரு கம்பியால் போய் மற்றக் கம்பியால் திரும்பி வரவேண்டும். ஆகவே 9 மீற்றர் வயர் என்பது கணக்கில் 18 மீற்றர் செப்பு. பலர் பிழைவிடுகிற இடம் இது.

கடையில் 40/76 என்று வாயால் சொல்வது, உறையில் 40/0.0076 என்று அச்சிட்டிருப்பது. 0.0076 அங்குல விட்டமுள்ள நுண்கம்பி 40 சேர்ந்தது என்று பொருள். மெற்றிக் அளவில் ஏறத்தாழ 1.17 சதுர மில்லிமீற்றர். 9 மீற்றருக்குப் போகவர 0.26 ஓம் அளவில் வரும், எல்லைக்குள் நிற்கிறது. அதற்குக் கீழே 23/76 இருக்கிறது. அது 0.67 சதுர மில்லிமீற்றர்தான், இதே தூரத்துக்கு 0.46 ஓம் எடுக்கும். 3 மீற்றர் ஸ்பீக்கருக்கு அதுவே தாராளம், 9 மீற்றருக்கு மெலிவு. பின்னாளில் 4 ஓம் ஸ்பீக்கர் வாங்குகிற எண்ணம் இருந்தால் இப்போதே 70/76 போட்டுவிடுங்கள். அது 2.05 சதுர மில்லிமீற்றர், 9 மீற்றருக்கு 0.15 ஓம்.

எல்லையைத் தாண்டினால் என்ன நடக்கும்? ஒன்றும் எரியாது. ஸ்பீக்கரின் ஓம் எல்லாச் சுரத்துக்கும் ஒன்றல்ல, ஒரு இடத்தில் இறங்கும், இன்னொரு இடத்தில் பல மடங்கு ஏறும். இடையில் வயர்த் தடை கூடினால் ஓம் இறங்குகிற இடங்களில் சத்தம் குறையும், தொனி மாறும், தவில் அடி இறுக்கமில்லாமல் தொளதொளக்கும்.

ஒரு பக்கம் 3, மறுபக்கம் 9 என்று நீளம் வேறுபட்டால் ஸ்ரீரியோ சரிந்துவிடும் என்று பயந்து இரண்டையும் 9 மீற்றராக வெட்டுகிறவர்கள் உண்டு. தேவையில்லை. இந்த வித்தியாசத்தால் வருவது கால் டெசிபெல், காது அதைப் பிடிக்காது. மிஞ்சிய வயரைச் சுருட்டி வைத்தால் கெடுதல் என்பதும் வெறும் கதை. இரட்டை வயரில் போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும்.

அண்ணாவின் ஒக்சிசன் இல்லாத செப்புப் பற்றி: சாதாரண மின்வயர்ச் செப்பே 99.9 வீதம் தூய்மை. ஒக்சிசன் நீக்கினது 99.95 வீதத்துக்கு மேல். கடத்துதிறனில் ஒரு வீத வேறுபாடு வந்தாலே பெரிது. உறையில் அம்புக்குறி போட்டு 'இந்தத் திசையில் பூட்டவும்' என்று விற்கிற வயரும் உண்டு. பாட்டு என்பது ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தடவை திசை மாறுகிற மின்னோட்டம். அம்புக்குறிக்கு அங்கே என்ன வேலை?

உண்மையான ஏமாற்று வேறிடத்தில் இருக்கிறது. கண்ணாடி போன்ற உறைக்குள் செம்பு மினுங்க, 'ஸ்பீக்கர் வயர்' என்றே விற்கிற சில சுருள்களில் உள்ளே இருப்பது செப்புப் பூசிய அலுமினியம். அதே பருமனுக்குத் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கடையிலேயே சோதிக்கலாம். ஒரு நுண்கம்பியைப் பிரித்தெடுத்து பிளேட்டால் மெல்லச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். சுருளைக் கையில் தூக்கினாலே பாரம் காட்டிக்கொடுக்கும், அலுமினியம் செப்பில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த நிறை. உறையின் மொத்தத்தைப் பார்த்தும் மயங்க வேண்டாம். கண்ணாடிக் குவளைத் தண்ணீருக்குள் கரண்டி பருத்துத் தெரிகிற மாதிரித்தான், உருண்டையான தெளிந்த உறை உள்ளிருக்கும் கம்பியைப் பெருப்பித்துக் காட்டும். நுனியை வெட்டி, செப்பை எண்ணிப் பாருங்கள்.

கடைக்காரர் சொன்ன ஒற்றைக் கம்பி 1/1.13 பொய்யில்லை. 1 சதுர மில்லிமீற்றர் செப்பு, ஒலியில் 40/76 இற்குக் கிட்ட நிற்கும். குறை அதன் விறைப்பில். ஸ்பீக்கரைத் தூசி தட்ட நகர்த்தும்போதெல்லாம் கம்பி முனையை நெம்பும், பூட்டு இளகும், பலமுறை மடிந்த இடத்தில் முறியும். சுவருக்குள் புதைத்து அசையாமல் விடுவதென்றால் பாவிக்கலாம்.

வாங்கின பிறகு கவனம் முழுக்க நுனியில் இருக்கட்டும். அம்பிளிபயரின் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நுனியில் 10 மில்லிமீற்றர் உறை போதும். பிளேட்டை அழுத்தாமல் வயரை அதன்மேல் ஒரு சுற்று உருட்டி, மடித்து, உறையை இழுத்தால் கழன்று வரும். அழுத்தி வெட்டினால் உறையோடு ஏழெட்டு நுண்கம்பியும் போய்விடும், காசு கொடுத்து வாங்கின 40 அங்கேயே 32 ஆகிவிடும். கம்பிகளை விரலால் ஒரே திசையில் இறுக முறுக்குங்கள். ஒரு மயிரளவு கம்பி வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷோட், அம்பிளிபயரின் அவுட்புட் ட்ரான்சிஸ்ரர் அதோடு போகலாம். திருகி இறுக்குகிற முனைக்கு ஈயம் பற்றவைக்க வேண்டாம். ஈயம் மென்மையானது, இறுக்கத்தில் மெல்ல நசிந்து கொடுத்து நாளடைவில் பூட்டு தளரும். வயர் நுனியில் பூட்டி முனைக்குள் செருகுகிற வாழைப்பழப் பிளக் (banana plug) போட்டால் அந்தக் கவலை இல்லை.

குருநகர், பாசையூர், காரைநகர் என்று கடலோரம் இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்று ஒரு தனிப்பிரச்சினை. திறந்த செப்பு கறுத்து, பிறகு பச்சை பூக்கும், பாட்டுக்கிடையில் கரகரப்பு வரும். அதற்காகத்தான் இரண்டு நுனியிலும் 30 சென்ரிமீற்றர் மிச்சம் விடச் சொல்வது, 14 மீற்றர் கணக்கில் அதுவும் அடங்கும். வருடத்துக்கு ஒருமுறை ஒரு அங்குலம் வெட்டி எறிந்து, புதுச் செப்பை முறுக்கிப் பூட்டினால் தீர்ந்தது.

வாசல்நிலையைச் சுற்றி வெள்ளைக் கேசிங்குக்குள் கொண்டுபோங்கள். பாய்க்கும் கம்பளத்துக்கும் அடியால் விடவேண்டாம், மிதிபட்டு உள்ளுக்குள் முறியும். ஓட்டு வீட்டில் சலாகை வழியே மேலால் இழுப்பதென்றால் குழாய் அவசியம், எலியும் அணிலும் உறையைக் கொறிக்கும். 230 வோல்ற் வயர் போகிற அதே குழாய்க்குள் மட்டும் நுழைக்காதீர்கள். இரைச்சலுக்காகச் சொல்லவில்லை, உறை எங்காவது பழுதானால் மின்சாரம் ஸ்பீக்கர் முனைக்கே வந்துவிடும். 40/76 மேசை விளக்குக்கும் போடுகிற வயர்தான் என்பதால் இரு நுனியிலும் 'ஸ்பீக்கர்' என்று எழுதி டேப் சுற்றிவிடுங்கள், வீட்டில் யாராவது 5 அம்பியர் பிளக் பூட்டிவிடக் கூடாது.

கடைசியாக, சிவப்பும் கறுப்பும். வயரின் ஒரு பக்கத்தில் கோடோ மேடோ எழுத்தோ இருக்கும், அந்தப் பக்கம் இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்புக்கு. ஒன்று மாறினால் தவில் காணாமல் போகும், பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறும். சந்தேகம் என்றால் வயரை அம்பிளிபயரில் இருந்து கழற்றி, அந்த நுனியில் 1.5 வோல்ற் பற்றறி ஒன்றைக் கண்ணிமைக்கும் நேரம் தொடுங்கள், சிவப்புக்குரிய கம்பி பற்றறியின் நேர்முனையில். ஸ்பீக்கர் முகத்துணியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பெரிய கூம்பு 'டொக்' என்று முன்னே வரும். ஒன்று முன்னே, மற்றது பின்னே என்றால் ஒன்றில் கம்பிகளை மாற்றுங்கள். மல்ரிமீற்றர் இருந்தால் அதே நுனியில் தடையையும் பாருங்கள். 6 ஓம் ஸ்பீக்கர் 4.5 முதல் 5.5 வரை காட்டுவது வழமை. பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டினால் எங்கோ நுண்கம்பி ஒன்று தொட்டுக்கொண்டிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் வரை பிளக்கைப் போடாதீர்கள்.