பொத்தானில் என்ன கலை?

கேள்வி: வீடியோ கேம் என்பது திரைப்படத்துக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் இணையான கலை என்று என் மகன் வாதிடுகிறான். பொத்தானை அழுத்துவதில் என்ன கலை இருக்கிறது? – வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது. 2013இல் வெளியான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் இறுதிப் பகுதியில், கொள்ளை நோய்க்கு மருந்து காண்பதற்காக எல்லி என்ற சிறுமியின் உயிரைப் பறிக்கவிருக்கும் மருத்துவரை, அவளை மகளாகவே எண்ணத் தொடங்கிவிட்ட ஜோயல், அதாவது ஆட்டக்காரர் இயக்கும் நாயகன், கொல்கிறான். ஆட்டக்காரர் தம் கையால் அதைச் செய்யாதவரை கதை நகராது. (அந்த அறைவரை போய்ச் சேர்வதற்குள் நான் பலமுறை செத்தேன் என்பது வேறு கதை.) 2023இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓவின் தொடராக வந்தபோது, அதே காட்சியைப் பார்த்து ஜோயலைக் கண்டித்துவிட்டு நம்மால் எழுந்து போக முடிந்தது, ஆட்டக்காரருக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் தொடரிடமும் விளையாட்டு தோற்ற இடம் ஒன்று உண்டு. பெரும்பாலும் ஜோயலின் தோளுக்குப் பின்னாலிருந்தே கதையைக் காட்டும் விளையாட்டில், அவனுக்கு அறிமுகமான பில் என்பவரின் துணைவரான ஃபிராங்க் ஒரு கடிதத்தை விட்டுவிட்டு ஏற்கெனவே இறந்துகிடக்கிறார். தொடரின் மூன்றாம் அத்தியாயமோ அவ்விருவரும் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளுக்கே பெரும்பகுதியை ஒதுக்கியது. என் கணிப்பில், தொடரின் ஆகச் சிறந்த பகுதி அதுவே.