நான்கு வாரம் நடந்து இரண்டு வெள்ளைக் கொம்பு: டென்வர் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலில் சுருக்கிவிடுகிறேன். டென்வருக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டு, எல்க் என்கிற பெரிய மான் வகையிலும் மியூல் மானிலும் ஆண்கள் வருடாவருடம் உதிர்க்கும் கொம்பைத் தேடப் போயிருக்கிறீர்கள். மே முதல் தேதியிலிருந்து நான்கு வார இறுதி, வடமேற்குக் கொலராடோவில் கிரெய்க், மீக்கர் ஊர்ப் பக்கம். பனி குறைவான வருடம், நடக்க வசதியாக இருந்தது என்கிறீர்கள். கிடைத்ததோ வெடித்து வெளுத்த பழைய கொம்பு இரண்டுதான். இடம் தப்பா, அடுத்த வருடம் ஏப்ரலிலேயே "சும்மா நடக்கப் போகிற மாதிரி" போய்ப் பார்க்கலாமா, எந்த ஜாக்கெட், எந்த வண்டி, கிடைத்தால் எங்கே விற்பது என்பவை உங்கள் கேள்விகள்.

ஜாக்கெட்டையும் வண்டியையும் விடுங்கள். வந்த புதிதில் எல்லாரும் அதைத்தான் கேட்கிறோம். கணுக்கால் பிடிக்கும் நல்ல பூட்ஸ், மூன்று லிட்டர் தண்ணீர், பத்து மைல் நடக்கத் தெம்பு, இவை இருந்தால் மற்றதெல்லாம் தானே வரும். ஏப்ரல் கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

போகக் கூடாது. கொலராடோவில் இன்டர்ஸ்டேட் 25க்கு மேற்கே உள்ள பொது நிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை உதிர்கொம்பு பொறுக்குவதற்குத் தடை. 2018இல் வந்த விதி. கன்னிசன் படுகையில் அதோடு முடியவில்லை. மே 15 வரை காலை பத்து மணிக்கு முன்னாலும் சூரியன் மறைந்த பின்னாலும் எடுக்கக் கூடாது. பக்கத்து மாநிலமான வயோமிங்கில், கான்டினென்டல் டிவைட் என்கிற நீர்ப்பிரி மலைமுகட்டுக்கு மேற்கே இதே மாதிரி ஏப்ரல் கடைசி வரை பூட்டு. அங்கே 2024 முதல் உள்ளூர்க்காரருக்கு மே 1, வெளிமாநிலத்தாருக்கு ஒரு வாரம் கழித்து மே 8. வெளிமாநிலத்தார் கன்சர்வேஷன் ஸ்டாம்ப் என்கிற வனவிலங்குக் கட்டணச் சீட்டும் வாங்க வேண்டும். யூட்டாவில் சீசனில் பொறுக்குவதற்கு முன் ஆன்லைனில் ஒரு பாடம் முடிக்க வேண்டும். 2023இல் பனி கொட்டியபோது மாநிலம் முழுக்க மே 1 வரை மூடியே விட்டார்கள்.

இது வெள்ளைக்காரன் போட்ட வெட்டிச் சட்டம் என்று நம்மவர்கள் சிலர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு எனக்கு ஆகவே ஆகாது. மார்ச் மாதத்துப் பெண் எல்க் எப்படி இருக்கும் தெரியுமா? இலையுதிர்காலத்தில் சேர்த்த கொழுப்பெல்லாம் கரைந்திருக்கும். புல் இன்னும் முளைத்திருக்காது, காய்ந்த தண்டையும் செடி நுனியையும் மென்று நாளைத் தள்ளும். வயிற்றில் கன்று. மே கடைசியிலும் ஜூனிலும் ஈனுவதால், கன்று வயிற்றில் வேகமாக வளர்கிற மாதங்கள் மார்ச்சும் ஏப்ரலும்தான். அப்போது ஒருவர் சரிவில் ஏறினால் கூட்டம் முழுக்க எழுந்து ஓடும், முட்டளவு பனியில் மேட்டுக்கு ஓடும். அந்த ஓட்டத்தில் எரிந்த கொழுப்பை ஈடுகட்ட அங்கே தீனி கிடையாது. நாம் வீட்டுக்கு வந்து காபி குடிக்கிறோம், அது பத்து நாள் கழித்து ஓடைப் பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது. செத்ததற்கு நம் நடைதான் காரணம் என்று எழுதி வைக்க அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். 2022–23 குளிர்காலம் வடமேற்குக் கொலராடோவை எப்படி அடித்தது என்று மீக்கரில் எந்தப் பண்ணைக்காரரையும் கேளுங்கள். அதன் பிறகு அந்தப் பக்கத்துக்கு வேட்டை அனுமதிகளையே வெட்டிக் குறைத்தார்கள். வயோமிங் மலைத்தொடரில் ஆய்வாளர்கள் கண்காணிப்புக் காலர் மாட்டியிருந்த வளர்ந்த பெண் மியூல் மான்களில் பெரும்பகுதி அந்த ஒரே குளிர்காலத்தில் போயிற்று, குட்டிகள் மொத்தமாகப் போயின. செத்த மான் அடுத்த வருடம் கொம்பு உதிர்க்காது. கொம்பு கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்தான் மார்ச்சில் அந்தச் சரிவை முதலில் விட்டுவைக்க வேண்டும்.

டிரோன் பறக்கவிட்டுக் கூட்டத்தை மேலிருந்து படம் பிடிப்பதும் இதே கணக்கில்தான் வரும். விலங்கைத் துரத்துவது குற்றம், காலால் துரத்தினாலும் காற்றாடியால் துரத்தினாலும்.

உங்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இங்கே பிறந்தவன் பிடிபட்டால் அபராதம் கட்டிவிட்டுப் போவான். நீங்கள் விசாவில் இருப்பவர். வனவிலங்குக் குற்றச்சாட்டு ஒன்று பேரில் ஏறினால், கிரீன் கார்டு படிவத்தில் "எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டதுண்டா" என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் அதை எழுதி விளக்க வேண்டிவரும். தவறாக எடுத்த கொம்பை வண்டியில் போட்டு மாநில எல்லை தாண்டினால் வனவிலங்குக் கடத்தலைத் தடுக்கும் லேசி சட்டப்படி அது கூட்டரசு வழக்காகலாம். விற்பது பற்றிக் கேட்டீர்களே, எச்-1பி வேலை விசாவில் இருக்கும்போது கொம்பு விற்றுக் காசு வாங்குவது அனுமதியில்லாத வேலையாகக் கணக்கில் வரலாம். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு பவுண்டு எடைக் கொம்புகூட விற்காதீர்கள். சுவரில் மாட்டுங்கள், போதும்.

இடங்களிலும் கவனம் வேண்டும். எஸ்டஸ் பார்க்கில் கோல்ஃப் மைதானத்திலேயே பெரிய ஆண் எல்க் படுத்திருக்கும். பக்கத்திலேயே ராக்கி மவுண்டன் தேசியப் பூங்கா. பூங்காவுக்குள் கொம்பை எடுப்பது வருடம் முழுக்கக் குற்றம், மே மாதமானாலும் சரி. பழங்குடி நிலத்தில் அவர்கள் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். மாநில வனவிலங்குப் பகுதிகளுக்குள் நுழையவே வேட்டை அல்லது மீன்பிடி உரிமமோ தனிப் பாஸோ வேண்டும். ஒரு காலத்தில் பிஎல்எம் (கூட்டரசின் நில மேலாண்மைத் துறை) காகித வரைபடத்தை வண்டியின் முன்மூடியில் விரித்துத்தான் நிறம் பார்ப்போம்: மஞ்சள் பிஎல்எம், பச்சை வனத்துறை, வெள்ளை தனியார், நீலம் மாநில அறக்கட்டளை நிலம். இப்போது போனில் எல்லைக்கோடு வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் நீலத்தைப் பார்த்ததும் அரசு நிலம்தானே என்று இறங்குகிறார்கள். கொலராடோவில் நீலம் எல்லாமே பொதுமக்களுக்குத் திறந்தது இல்லை. மலை ஏறும் முன் வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள், அங்கே சிக்னல் இருக்காது.

இனி, இந்த சீசன் ஏன் கைவிட்டது என்பதற்கு வருகிறேன். உங்கள் இடம் தப்பில்லை. அந்த இரண்டு வெள்ளைக் கொம்புமே அதற்குச் சாட்சி.

கொம்பு வியாபாரத்தில் மூன்று தரம் சொல்வார்கள். அந்த வருடம் விழுந்தது பிரவுன். ஒன்றிரண்டு வெயில் பார்த்து நிறம் போய், ஆனால் கெட்டியாக இருப்பது ஹார்ட் ஒயிட். அதற்கும் பிறகு நீளவாக்கில் வெடித்து, தொட்டால் விரலில் மாவு ஒட்டுவது சாக். விலையும் அந்த வரிசையில்தான் இறங்கும். உங்களுக்குக் கிடைத்தது சாக். அதாவது சில வருடங்களுக்கு முன் ஆண் எல்க் அந்தத் தாழ்ந்த சரிவில் குளிர்காலம் கழித்திருக்கிறது. கடும் பனி மேலிருந்து தள்ளிய வருடமாக இருந்திருக்கும், 2023ஆகவே இருக்கலாம். அதற்குப் பின் புதிது ஒன்றும் விழவில்லை. பனி கம்மியான வருடத்தில் எல்க் கீழே இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

பெண்களும் கன்றுகளும் பெரிய கூட்டமாகக் கீழே சேஜ் செடி மேடுகளுக்கு வந்தாலும், வளர்ந்த ஆண்கள் ஐந்தும் பத்துமாகப் பிரிந்து அவற்றுக்கு மேலேயே நிற்கும். மிதமான குளிர்காலத்தில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் அடியில் ஓக் புதரும் ஆஸ்பென் தோப்பும் சேரும் ஓரத்திலேயே மார்ச் முழுக்க இருந்துவிடும். கொம்பும் அங்கேதான், பரந்து சிதறி விழும். கிரெய்க், மீக்கர் ஊர்களின் உயரம் ஆறாயிரம் அடியைச் சற்றுத் தாண்டும். நீங்கள் நான்கு வாரமும் ஊர் உயரத்துக்கு ஆயிரம் அடி மேலே மட்டும் சுற்றியிருந்தால் எல்க் இல்லாத வீட்டில் கொம்பு தேடியிருக்கிறீர்கள். மே முதல் தேதி கூட்டமாக வந்த மற்றவர்களும் அதே சரிவைத்தான் மிதித்தார்கள். போதாததற்குப் பனி சீக்கிரம் உருகிப் புல் முந்தி எழுந்துவிட்டால், மூன்றாவது வாரத்தில் கணுக்கால் உயரப் புல்லுக்குள் கொம்பு காணாமல் போகும். எலியும் முள்ளம்பன்றியும் சுண்ணாம்புச் சத்துக்காக முனையைக் கறித்துக்கொண்டே இருக்கும்.

கொம்பு விழும் முறையைத் தெரிந்துகொண்டால் தேடுவது எளிது. இணைசேரும் காலம் முடிந்து டெஸ்டோஸ்டிரோன் இறங்கியதும், கொம்புக்கும் மண்டையோட்டுக் குமிழுக்கும் நடுவில் எலும்பை அரிக்கும் செல்கள் வேலை தொடங்கும். இணைப்பு தளர்ந்து ஒருநாள் கொம்பின் பாரமே அதை இறக்கிவிடும். மியூல் மான் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். எல்க் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல். வயதான ஆண் முதலில், இளசு கடைசியில். புதுக் கொம்பு கிடைத்தால் கவிழ்த்து அடிவட்டத்தைப் பாருங்கள். சற்றே குவிந்து, தேனடை மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். ஓரத்தில் முத்து முத்தாக ஒரு வளையம். புத்தம் புதிதானால் நடுவில் காய்ந்த ரத்தக் கறை. அடிவட்டம் இப்படி இல்லாமல் மண்டையோட்டோடு சேர்ந்தே இருந்தால் அது உதிர்ந்தது இல்லை, செத்த மிருகம். திருட்டு வேட்டையாகவும் இருக்கலாம். தொடாமல் போட்டோ எடுத்து, இடத்தைப் போனில் குறித்து, மாவட்ட வனவிலங்கு அலுவலரைக் கேட்டபின் மற்றதைப் பாருங்கள்.

நடையைப் பாதியாகக் குறைத்துப் பார்வையை இரண்டு மடங்காக்குங்கள். 10x42 பைனாகுலர், அதைக் கட்டாயம் கேமரா முக்காலியில் (டிரைபாட்) மாட்ட வேண்டும். கையில் பிடித்தால் நடுங்கும், நடுங்கினால் கொம்பு தெரியாது. தேட வேண்டிய சரிவில் ஏறாமல் எதிர்ச்சரிவில் உட்காருங்கள். ஒரு சரிவுக்கு அரை மணி நேரம், கோலப்புள்ளி வைக்கிற மாதிரி இடமிருந்து வலம், ஒரு வரி கீழே, மறுபடி. முழுக் கொம்பைத் தேடாதீர்கள். செம்பட்டைப் புல்லுக்கு நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு தந்த நிற முனை, அல்லது எந்தக் கிளைக்கும் இல்லாத ஒரே சீரான வளைவு, அதுதான் கண்ணில் படும். பட்டுப்போன ஜூனிபர் கிளை ஆயிரம் தடவை ஏமாற்றும். கிளையில் கணுவும் நாரும் இருக்கும், கொம்பில் இருக்காது. மழை விட்ட மேகமூட்டமான காலைதான் தங்கம். ஈரத்தில் பிரவுன் கொம்பு கறுத்து, வெளிறிய புல்லிலிருந்து பிரிந்து தெரியும். உச்சி வெயிலில் எல்லாமே மினுங்கும், கண் எரிச்சல்தான் மிச்சம்.

நடக்கிற இடத்தில் தெற்கு பார்த்த சரிவு, படுத்த குழி, ஓடை தாண்டும் இடம், வேலி தாண்டும் இடம் பாருங்கள். தாவி இறங்கும் அதிர்ச்சியில் தளர்ந்த கொம்பு கழன்றுவிடும். ஒன்று கிடைத்தால் சந்தோஷத்தில் கிளம்பிவிடாதீர்கள். ஜோடி சில மணி நேரத்திலோ சில நாளிலோ விழும். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, இருபது அடி இடைவெளியில் சுருள்சுருளாக வட்டத்தை விரித்துக்கொண்டே போங்கள், பிறகு விலங்குத் தடத்தில் இரு பக்கமும் போங்கள். ஆறு கிளை எல்க் கொம்பு ஒன்றே மூன்று நான்கு கிலோ இருக்கும். பையில் முனை மேல்நோக்கிக் கட்டினால் தடுக்கி விழும்போது உங்கள் கழுத்தைத்தான் குத்தும். முனை வெளிப்பக்கம், கீழ்நோக்கி. மாலையில் காது மடல், அக்குள், இடுப்புப் பட்டை எல்லாம் உண்ணி பாருங்கள், மே மாத சேஜ் செடியில் அது நிறைய.

இன்னொன்று, கிடைத்ததைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிற நாட்டில், சுங்க மேசையில் இது அமெரிக்க எல்க், நம் ஊர் கடமான் இல்லை என்று நிரூபிக்கிற பாடு உங்களுடையது. அம்மாவுக்குப் போட்டோ அனுப்புங்கள்.

இந்த வருடம் இன்னும் முடிந்துவிடவில்லை. அடுத்த இரண்டு வாரம் எட்டாயிரம் அடிக்கு மேலே, பனி கடைசியாக விலகிய ஆஸ்பென் ஓரங்களைப் பாருங்கள். சாலை திறந்திருக்கிறதா என்று பிஎல்எம், வனத்துறை அலுவலகங்களில் கேட்டுவிட்டுப் போங்கள், சில பாதைகள் விலங்குகளுக்காக மேலும் சில வாரம் மூடியிருக்கும். தனியாக ஒரு பெண் எல்க் நின்று உங்களையே பார்த்துக் குரைத்தால் பக்கத்தில் கன்று படுத்திருக்கிறது, வந்த வழியே திரும்புங்கள். புல் உயர்ந்துவிட்டால் அக்டோபரில் காய்ந்தபின் மறுபடி போகலாம், ஆனால் அது வேட்டைக் காலம், ஆரஞ்சுச் சட்டை இல்லாமல் இறங்காதீர்கள். வரும் மார்ச்சில் நெடுஞ்சாலை ஓரம் வண்டியை நிறுத்தி, இறங்காமல், பைனாகுலரில் ஆண்கள் எந்த உயரத்தில் நிற்கின்றன, எத்தனை தலையில் இன்னும் கொம்பு இருக்கிறது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மே முதல் தேதி எந்தச் சரிவுக்குப் போவது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு பண்ணலாம்.