சிக்னலில் நின்றால் சூடேறும் கார்

கேள்வி: என்னுடைய ஒன்பது ஆண்டுப் பழைய பெட்ரோல் கார், ஜி.எஸ்.டி. சாலையில் ஓடும்போது வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறது. கிண்டி சிக்னலில் சில நிமிடங்கள் நின்றாலோ சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றுவதே இல்லை, ஏ.சி. போட்டாலும் அப்படித்தான். மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றியும் பயனில்லை. ஃபேனை பேட்டரியோடு நேராக இணைத்து ஒரு சுவிட்ச் வைத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருந்தால் நெடுஞ்சாலையிலும் முள் ஏறியிருக்கும். வண்டி ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றதும் அந்த வேலை முழுவதும் ஃபேனின் தலையில் விழுகிறது. ஆகவே, தெர்மோஸ்டாட்டை மாற்றிய செலவு வீண்தான்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஏ.சி. விவரம்தான் முக்கியமான துப்பு. பெரும்பாலான கார்களில் ஃபேனை இரண்டு வழிகளில் ஓடச் செய்கிறார்கள்: கூலன்ட் ஏறக்குறைய 95 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டியதாக சென்சார் சொல்லும்போது ஒன்று, ஏ.சி. கம்ப்ரசர் இயங்கும்போது மற்றொன்று. சென்சார் மட்டும் கெட்டிருந்தால் ஏ.சி. போட்டதும் ஃபேன் சுற்றியிருக்க வேண்டும்; இரண்டிலும் சுற்றவில்லை என்பதால், இரு வழிகளுக்கும் பொதுவான ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்சுவிட்ச்), மோட்டார், எர்த் இணைப்பு ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏ.சி.யில் கேஸ் குறைந்து கம்ப்ரசரே ஓடாமல் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தவறும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, கூலன்ட் அளவைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் சென்சார் வெறும் காற்றில் நின்று தவறான வெப்பத்தைக் காட்டும். அடுத்தது ஃபேன் ஃபியூஸ். பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர் இருக்கும். புதியதும் உடனே எரிந்தால், மோட்டார் இறுகியிருக்கலாம் அல்லது வயரிங்கில் ஷார்ட் இருக்கலாம். அதற்காகக் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸைப் போடுவது வயரை எரிப்பதில்தான் முடியும். ரிலேயைச் சோதிக்க, அதே பெட்டியில் அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை மாற்றிச் செருகிப் பார்த்தால் போதும்.

இவை சரியாக இருந்தால், மோட்டாரின் பிளக்கைக் கழற்றி பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த வயர்களால் 12 வோல்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் சுற்றாமல், ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டியதும் சுற்றினால், உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். நேரடியாகக் கொடுக்கும்போது நன்றாகச் சுற்றினால், குறை அதற்கு வரும் வழியில் இருக்கிறது. நம் ஊரின் உப்புக் காற்றிலும் மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரிலும் எர்த் போல்ட் துருப்பிடிப்பதும், பிளக்கின் உலோக முனை பச்சை பூத்து, சூடேறி உருகுவதும் புதிதல்ல. வேளச்சேரிக்காரரான உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வயரிங்கைச் சோதிக்கும்போது சிறிய டெஸ்ட் லேம்பை மட்டும் நம்ப வேண்டாம். அரித்துப்போன இணைப்பிலும் அது எரிந்துவிடும். பழைய ஹெட்லைட் பல்பை இணைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

சுவிட்ச் யோசனை, வண்டியை ஒர்க்ஷாப் வரை கொண்டுசெல்ல உதவுமே தவிர நிரந்தரத் தீர்வாகாது. ஒருநாள் போட மறந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் போய்விடும், அலுமினிய சிலிண்டர் ஹெட்டும் வளையலாம். அணைக்க மறந்தால் காலையில் பேட்டரி இருக்காது. ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் அத்தனை மின்சாரத்தையும் சாதாரண சுவிட்ச் வழியாக அனுப்புவது தீ விபத்துக்கே வழி.

பழுது நீங்கும்வரை நெரிசலில் வண்டியை எடுக்காதீர்கள். வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுவதும் திறந்து, ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

மோட்டாரையே மாற்ற நேர்ந்து, புதுப்பேட்டையில் பழையது வாங்குவதானால், கடையிலேயே பேட்டரி கொடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். பொருத்திய பின், ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் உள்ள கார்களில், ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு காகிதத்தைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விலகினால் வயர்களை மாற்றி இணைத்திருக்கிறார்கள்.