கிளாசிக் 350-இல் டென்ட்டோடு ஆறு நாள்: பையை இன்னும் வாங்காதீர்கள்

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம் திருப்பூரிலிருந்து தனியாகக் கிளம்புகிறேன். குன்னூர், ஊட்டி, கூடலூர், மைசூர், சிக்மகளூர், குடகு என்று ஆறு நாள். வண்டி புது மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஸ்போக் வீல். முடிந்த இடத்தில் டென்ட் போட்டுத் தங்க ஆசை. அலுமினியப் பெட்டி மாட்டலாமா, சீட்டின் இரண்டு பக்கமும் தொங்கும் துணிப் பை (சேடில் பேக்) போதுமா? எத்தனை லிட்டர் பை வாங்குவது?

பதில்: முதலில் எவ்வளவு சாமான் என்று பார்த்துவிடுவோம். லிட்டர் கணக்குப் பார்த்துப் பெரிய பையாக வாங்கிவிட்டால், அது நிறையும்வரை எதையாவது திணிக்கத்தான் கை போகும். கொண்டுபோக நினைக்கும் எல்லாவற்றையும் ஹால் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாக எடை போடுங்கள். பெட்டி தூக்கிப் பார்க்கும் தொங்கு தராசு இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆள் நிற்கும் எடை மெஷினில் நீங்கள் வெறுமனே ஒரு முறை, சாமானைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை ஏறினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

தனி ஆளுக்கு ஆறு நாளுக்கு, பைகளின் எடையையும் சேர்த்து 22 கிலோவுக்குள் அடங்கும். தோராயக் கணக்கு இது: டென்ட் 2.6 கிலோ, ஸ்லீப்பிங் பேக் 1.2, ஃபோம் மேட் 0.4, துணி 3, மழைக்கோட்டு 1.2, டூல்ஸ், டியூப், பம்ப் எல்லாம் 3, தண்ணீர் 2, சோப்பும் மருந்தும் 1, சார்ஜர், பவர் பேங்க், ஹெட்லேம்ப் 1, தீனி 1, பூட்டுச் சங்கிலி 1. இது 17.4 கிலோ. துணியால் ஆன பைகள் நாலரை கிலோ வரும். 25-ஐத் தாண்டினால் எதையாவது வெளியே எடுங்கள். அதற்காக ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட், ஷூவில் கை வைக்காதீர்கள். அவை உடம்பில் இருப்பவை, இந்தக் கணக்கில் வராது.

எடை அதிகம் குறைவது நீங்கள் நினைக்காத ஓர் இடத்தில். பயணத்தின் மிகக் குளிரான ஒரே ஓர் இரவுதான் ஸ்லீப்பிங் பேக், ஸ்வெட்டர், போர்வை எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. உங்கள் பாதையில் அது ஊட்டி. டிசம்பர் கடைசியில் அங்கே பள்ளமான இடங்களில் புல் மேல் உறைபனி படியும். அந்த இரவை டென்ட்டில் கழிப்பதென்றால் 0 டிகிரிக்குத் தாங்கும் கனமான பேக் வேண்டும். சிக்மகளூரிலும் குடகிலும் அந்த மாதத்து இரவுக்கு 10 டிகிரி பேக் போதும். ஆகவே ஊட்டியில் ஓர் அறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி வாடகை, ஆறு நாளும் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம். பேக் வாங்கும்போது அதில் 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், குளிராமல் தூங்க முடிகிற வெப்பநிலை அதுதான். 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' எண்களை நம்பிப் படுத்தால் விடிய விடியக் கண்விழிக்க வேண்டியதுதான்.

பேக்கை விட மேட் முக்கியம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. படுத்த இடத்தில் பேக்கின் பஞ்சு நசுங்கிவிடும், அதில் காற்று நிற்காது, குளிர் நேராகத் தரையிலிருந்து ஏறும். காற்றடிக்கும் மேட் சின்னதாக மடங்கும், ஆனால் ஒரு முள் போதும். மூடிய செல் ஃபோம் மேட் பருமனாக இருந்தாலும் எடை இல்லை, ஓட்டை விழாது. நனைந்தாலும் துடைத்துவிட்டுப் படுக்கலாம். அதனால் பைக்கு வெளியே கட்டிக்கொண்டே போகலாம்.

டென்ட் இரண்டு பேருக்கானது, இரட்டைத் துணி, தானாக நிற்கும் டோம் வகை. மலைக்காட்டுப் பனியில் ஒற்றைத் துணி டென்ட்டின் உள்பக்கம் மூச்சுக்காற்று தண்ணீராகி மேலே சொட்டும். எஸ்டேட் கேம்ப் தளங்களில் செம்மண்ணுக்கு அடியில் பாறை இருந்தால் முளை இறங்காது, தானாக நிற்கும் டென்ட்தான் பிழைக்கும். கம்பிகளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டாதீர்கள். தனியாக எடுத்து வண்டியின் நீளவாக்கில் கட்டினால், டென்ட் துணி எந்த மூலையிலும் அமுங்கி அடங்கும்.

துணிக்கு ஒரு விதி: உடம்பில் ஒன்று, பையில் ஒன்று. டி-ஷர்ட் கூடுதலாக ஒன்று, உள்ளாடையும் சாக்ஸும் மூன்று ஜோடி, மெல்லிய ஃப்ளீஸ் ஒன்று. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது. பெரிய டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு. ஒரு லுங்கி. உடை மாற்ற மறைப்பு, விரிப்பு, தலையணை உறை என்று அது செய்யாத வேலை இல்லை.

அடுப்பு வேண்டுமா? இந்தப் பாதையில் வேண்டாம் என்பேன். எங்கே போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் டீக்கடையோ மெஸ்ஸோ உண்டு, எஸ்டேட் தளங்களில் பெரும்பாலும் சாப்பாடும் தருவார்கள். காலையில் தன் கையால் போட்ட காபி இல்லாமல் முடியாது என்றால், 230 கிராம் திருகு கேஸ் கேன், 100 கிராம் அடுப்பு, ஒரு லிட்டர் பாத்திரம் போதும். ஒரு லிட்டர் கொதிக்க 15 கிராம் வாயு என்று வைத்தால் ஒரு கேன் ஆறு நாளுக்கு மேல் வரும். பியூட்டேன் மட்டும் உள்ள கேன் 0 டிகிரியை நெருங்கினால் சரியாக எரியாது. புரொப்பேன் கலந்ததா என்று பார்த்து வாங்குங்கள். டென்ட்டுக்குள் மட்டும் பற்றவைக்கவே கூடாது. தீயை விட, மணமே இல்லாமல் நிறையும் கார்பன் மோனாக்சைடு ஆபத்து. பெட்ரோல் கேனும் தேவையில்லை. 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்றாலும் 400 தாண்டும்.

டூல்ஸில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ஸ்போக் வீல் என்பதால் உங்களுடையது டியூப் டயர். டியூப்லெஸ் போல வெளியிலிருந்தே ரப்பர் திரியை (புழு) குத்தி அடைக்க முடியாது, சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். முன்பக்கம் 19 இன்ச், பின்பக்கம் 18 இன்ச், இரண்டுக்கும் ஒவ்வொரு டியூப். டயர் லீவர் இரண்டு, அச்சு நட்டுக்குச் சரியான ஸ்பேனர், சின்ன பம்ப், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஃபியூஸ் நான்கு. செயினுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே (செயின் லூப்) சின்ன டப்பா ஒன்று, 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை அடிக்க. டியூபை டூல்ஸோடு சேர்த்துப் போடாதீர்கள். ஸ்பேனர் முனை ஆறு நாள் உரசினால் புது டியூபே ஓட்டையாகிக் கிடக்கும். பழைய சாக்ஸுக்குள் நுழைத்து வையுங்கள்.

இப்போது பை. 18 கிலோ சாமானுக்கு அலுமினியப் பெட்டி வேண்டியதில்லை. இரண்டு பெட்டியும் அதைத் தாங்கும் ஃபிரேமும் சேர்ந்து காலியாகவே 15 கிலோவைத் தாண்டும். சாமான் எடைக்குச் சமமாக இரும்பும் தகரமும் சுமப்பானேன்? மண் பாதையில் வண்டி சரியும்போது காலை ஊன்றுவீர்கள். அப்போது பின்னாலிருந்து வரும் பெட்டியின் விளிம்பு கெண்டைக்காலில் அடிக்கும், அல்லது அடியில் கால் மாட்டும். துணிப் பை அமுங்கிக்கொடுக்கும். பெட்டிக்கு ஒரே நல்ல குணம் பூட்டு. தினமும் ஊருக்குள் வண்டியை நிறுத்திவிட்டுச் சுற்றுபவருக்கு அது உதவும், உங்களுக்கு அல்ல.

உங்களுக்குப் போதுமானது: இரண்டும் சேர்ந்து 40 முதல் 50 லிட்டர் வரும் சேடில் பேக் ஒரு ஜோடி, சீட்டின் பின்பக்கம் கட்டும் 30 லிட்டர் டெயில் பேக் ஒன்று, பெட்ரோல் டேங்க் மேல் வைக்கும் 10 லிட்டர் டேங்க் பேக் ஒன்று. வயாடெரா, ரைனாக்ஸ், கார்டியன் கியர்ஸ் போன்ற இந்தியத் தயாரிப்புகளே தாராளம். கிளாசிக்கின் டேங்க் இரும்பு என்பதால் காந்த டேங்க் பேக் ஒட்டும். வைப்பதற்கு முன் டேங்கைத் துடைத்துவிடுங்கள், காந்தத்தின் அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் பெயின்ட் போச்சு. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், பை ஹாரனையோ கில் சுவிட்சையோ அழுத்தக் கூடாது.

எதை எங்கே வைப்பது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 65 கிலோ ஆளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினால் ஆடாத வண்டி, 12 கிலோ பைக்கு எப்படி ஆடுகிறது? உட்காரும் ஆள் பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறார். கேரியரில் கட்டிய பை அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. கிளாசிக்கின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், 1,390 மில்லிமீட்டர். 12 கிலோவை அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் வைத்தால் முன்சக்கரத்தின் மேல் இருக்கும் பாரம் இரண்டரை கிலோ குறையும். அதே 12 கிலோவை சேடில் பேக்கில், அச்சுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் வைத்தால் முன்சக்கரத்துக்கு ஒன்றே முக்கால் கிலோ கூடும். வித்தியாசம் நாலு கிலோவுக்கு மேல், அதுவும் வண்டி நிற்கும்போது. குழியில் விழுந்து எழும்போது இது பல மடங்காகும். 70, 80-இல் ஹேண்டில் லேசாக நெளிய ஆரம்பிப்பது இதனால்தான்.

ஆகவே கனமானது எல்லாம் கீழே, முன்னே. டூல்ஸ், தண்ணீர், பூட்டுச் சங்கிலி ஆகியவை சேடில் பேக்கின் அடியில், உங்கள் காலை ஒட்டிய பக்கத்தில். இடது வலது வித்தியாசம் ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும். டெயில் பேக்கில் ஸ்லீப்பிங் பேக், துணி மாதிரி பருமனும் லேசுமானவை. டென்ட்டை அதன் மேல், தனிப் பையில் கட்டுங்கள். மழையில் போய்ச் சேர்ந்தால் மற்ற எந்தப் பையையும் திறக்காமல் டென்ட்டை மட்டும் உருவி நிறுத்த முடியும். மழைக்கோட்டு எப்போதும் ஜிப்பைத் திறந்ததும் கையில் படும் இடத்தில்.

கிளாசிக்கின் சைலன்சர் வலது பக்கம். சேடில் ஸ்டே (பையைச் சக்கரத்திலிருந்தும் சைலன்சரிலிருந்தும் தள்ளிப் பிடிக்கும் கம்பிச் சட்டம்) இல்லாமல் பையைத் தொங்கவிட்டால், நிற்கும்போது எட்டாத பை வேகத்தடையில் குதிக்கும்போது சைலன்சரைத் தொட்டு உருகும். நீங்கள் உட்கார்ந்து, முழு பாரமும் ஏற்றிய நிலையில் 7 சென்டிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். இடது பக்கம் பை சக்கரத்துக்குள் இழுபடாமல் இருக்கவும் அதே ஸ்டேதான் காவல். பின் இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் மறைகின்றனவா என்று ஒருவரைப் பின்னால் பத்தடி தள்ளி நிற்கவைத்துக் கேளுங்கள். பெயின்ட்டில் பட்டை உரசும் இடங்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வையுங்கள்.

கொக்கி போட்ட எலாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். இழுபட்டுத் தளரும். கொக்கி கழன்றால் கண்ணுக்கு வரும், அல்லது செயினுக்குள் போகும். 25 மில்லிமீட்டர் அகலப் பட்டை, அழுத்திப் பிடிக்கும் கேம் பக்கிள், இதுவே சரி. டெயில் பேக்குக்கு நான்கு மூலையிலும் நான்கு பிடிமானம். கட்டிய பின் பையைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். பை தனியாக ஆடினால் கட்டு சரியில்லை, வண்டியோடு சேர்ந்து ஆடினால் சரி. மிச்சமாகத் தொங்கும் பட்டை நுனிகளைச் சுருட்டி முடிந்துவிடுங்கள், பின்சக்கரம் இழுத்துக்கொள்வது அதைத்தான்.

பையோடு தரும் மழை உறையை நம்ப வேண்டாம். காற்றில் உப்பிக் கழன்று பறக்கும், பறக்காவிட்டால் அடியில் குளம் கட்டும். உள்ளே போடும் உறைதான் காப்பாற்றும். வாய் சுருட்டும் டிரை பேக் என்றால் காற்றை வெளியேற்றி மூன்று சுருட்டாவது சுருட்ட வேண்டும். காசு செலவழிக்க மனமில்லையா, உரச்சாக்கு அளவுள்ள கெட்டியான பாலித்தீன் பை போதும், வாயை முறுக்கி மடித்து ரப்பர் போட்டுவிடுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே முழு பாரத்தோடு 40 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், நாலைந்து வேகத்தடையாவது வரும் சாலையில். பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்திப் பட்டைகளை இறுக்குங்கள், சாமான் அமுங்கி இடம் விட்டிருக்கும். பின் ஷாக் அப்சார்பரில் ஆறு நிலை உண்டு. இரண்டு நிலை ஏற்றி வையுங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவில். பின் டயருக்குக் கையேட்டில் இருவருக்கு என்று போட்டிருக்கும் காற்றழுத்தம். பாரம் ஏறினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருபவர் திட்டுவார். சுவரில் அடித்துப் பார்த்துக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

பாதையில் சில விஷயங்கள். நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, செக்போஸ்டில் பார்ப்பார்கள். ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் இரண்டு எடுத்துப்போங்கள். குன்னூர் மலைப்பாதையில் நிறுத்தினால் குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும், தீனியை வெளிப் பாக்கெட்டில் வைக்காதீர்கள். முதுமலை, பந்திப்பூர் வழியான சாலை இரவு 9 மணி முதல் காலை 6 வரை மூடியிருக்கும், நடுவில் இறங்கி நிற்கவும் கூடாது. மதியத்துக்குள் கூடலூரைத் தாண்டுவது போலத் திட்டமிடுங்கள். அங்கே மட்டுமல்ல, எந்தக் காப்புக்காட்டிலும் அனுமதியில்லாமல் டென்ட் போடுவது குற்றம். சிக்மகளூரிலும் குடகிலும் காபி எஸ்டேட் ஹோம்ஸ்டேக்கள் பல டென்ட் போட இடம் தருகின்றன, முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். யானை நடமாடும் பகுதி என்றால் வாழைப்பழம், வெல்லம், அரிசி எதையும் டென்ட்டுக்குள் வைக்காமல் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

காலையில் டென்ட்டின் மேல்துணி பனியில் நனைந்துதான் இருக்கும். அது காயும்வரை காத்திருந்தால் பத்து மணி ஆகிவிடும். உதறிவிட்டுத் தனிப் பாலித்தீன் பையில் போட்டு வெளியே கட்டிக்கொள்ளுங்கள், உள்துணியோடும் ஸ்லீப்பிங் பேக்கோடும் சேர்க்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில் வண்டி மேல் விரித்துப் போட்டால் இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும். அப்படி நிறுத்தும்போது செம்மண் தரையில் பாரத்தோடு சைடு ஸ்டாண்ட் இறங்கி வண்டி சாயும். உள்ளங்கை அளவு தகரத் துண்டு ஒன்றை டேங்க் பேக்கில் போட்டு வைத்திருங்கள், ஸ்டாண்டின் அடியில் கொடுக்க.