பழைய வாகனம், பிடிக்காத பிரேக்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிரேக் பற்றியவை. மாரி தொடங்கமுன் கேட்டது நல்லது.

என்ரை மொறிஸ் மைனரில முதல் மிதியில பெடல் அடிமட்டும் போகுது. இரண்டு, மூண்டு தரம் மிதிச்சா மேல வந்து நல்லாப் பிடிக்குது. மாஸ்டர் சிலிண்டர் மாத்தச் சொல்லுகினம். மாத்தவோ? (மானிப்பாய்)

அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதேயுங்கோ. மிதிக்க மிதிக்கப் பெடல் உயர்ந்து, அங்கே இறுகி நின்றால் ஷூவுக்கும் (உரசிப் பிடிக்கும் கட்டை) டிரம்முக்கும் (சில்லோடு சுற்றும் உருளை) இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம். சில்லைத் தூக்கி, அது சுற்றாமல் நிற்கும்வரை அஜஸ்டரை இறுக்குங்கோ. பிறகு உரசாமல் சுற்றும்வரை ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்துங்கோ. மைனரில் முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு அஜஸ்டர். ஒன்றைத் திருப்பிவிட்டு மற்றதை மறப்பதுதான் இங்கே வழமை.

உயர்ந்த பிறகும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று. மிதித்துப் பிடித்திருக்க மெல்ல மெல்ல இறங்கினால் மட்டும், பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையோ கசிவையோ சந்தேகியுங்கோ. ஒயில் மட்டத்தையும் பாருங்கோ. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைவிரிப்புக்குக் கீழே இருப்பதால் வருடக்கணக்கில் அதை எட்டிப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். மூடியைக் கழற்றமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கோ.

பிரேக் வீக். என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

என்ன வாகனம்? எத்தனையாம் ஆண்டு? பெடல் இறுக்கமா, இளக்கமா? ஒரு பக்கம் இழுக்கிறதா? ஒயில் குறைகிறதா? இதெல்லாம் தெரியாமல் நான் சொல்வது ஊகம். பிரேக் விசயத்தில் ஊகம் எழுத மாட்டேன். விபரத்தோடு திரும்ப எழுதுங்கோ, அதுவரை வண்டியை எடுக்காதேயுங்கோ.

ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். மாசத்துக்கு ஒருக்கா பிரேக் ஒயில் விட்டுக்கொண்டு வாறன். போனதரம் கடை பூட்டு, அதால கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டனான். இப்ப பிரேக் பிடிச்சா விடுகுதில்லை, சில்லும் கொதிக்குது. (சுன்னாகம்)

ஐயா, இதில் இரண்டு பிழை இருக்கிறது. இரண்டையும் நான் பலமுறை எழுதிவிட்டேன்.

முதலாவது, பிரேக் ஒயில் எரிந்து தீரும் பொருள் அல்ல. ஷூவின் மேலுள்ள லைனிங் தேயத் தேய மட்டம் சற்று இறங்கும், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை விட வேண்டியிருந்தால் அது எங்கோ வெளியே போகிறது. ஒயில் குறைந்தால் போத்தலைத் தேடாதேயுங்கோ, கசிவைத் தேடுங்கோ. ரயரின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கோ. டிரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் மூடியின் விளிம்பைச் சின்ன ஸ்குறூட்றைவரால் நெம்புங்கோ. உள்ளே காய்ந்திருக்க வேண்டும். ஈரம் கண்டால் கள்ளன் அங்கேதான். உப்புக்காற்று அடிக்கும் எங்கள் ஊரில் சிலிண்டரின் உட்சுவரைத் துரு தின்று குழி விழுத்திவிடும். குழி விழுந்த சிலிண்டருக்கு, உள்ளே ஒயிலை அடைக்கும் ரப்பர் கப்பைப் புதிதாகப் போட்டும் பயனில்லை.

இரண்டாவது, எஞ்சின் ஒயில். பிரேக்கின் ரப்பர்களுக்குக் கனிய எண்ணெய் நஞ்சு. நம்பாவிட்டால் ஒரு பழைய ரப்பர் கப்பை எடுத்து எஞ்சின் ஒயிலில் ஊறப்போட்டு ஓரிரு நாளில் பாருங்கோ. ஊதிப் பெருத்து, கொழகொழத்துப் போயிருக்கும். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒயில் திரும்பி வர ஊசி போகும் அளவில் ஒரு துவாரம் உண்டு. ஊதின கப் அதை மூடிவிடும். அழுத்தம் இறங்க வழியில்லாமல் ஷூ டிரம்மோடு ஒட்டி நிற்கும். உங்கள் சில்லு கொதிப்பது அதனால்தான்.

யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் இதே கார்களை ஓட்டிய கெட்டித்தனம் எங்கள் சனத்துக்கு உண்டு. அதற்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அந்தப் பழக்கத்தில் "எண்ணெய்தானே" என்று பிரேக்கிலும் கைவைக்கிறார்கள். எஞ்சின் கெட்டால் கார் நிற்கும். பிரேக் கெட்டால் கார் நிற்காது.

இனிக் குறுக்குவழி இல்லை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள், மூன்று ரப்பர் ஹோஸ், எல்லாமே மாற்ற வேண்டும். இரும்புப் பைப்புகளை மெதைலேற்றட் ஸ்பிறிற்றால் கழுவுங்கோ, பெற்றோலோ மண்ணெண்ணெயோ கூடாது. புதிதாகத் திறந்த டொட் 3 அல்லது டொட் 4 தரப் பிரேக் ஒயில் விட்டு, மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரத்தில் உள்ள பின் இடச் சில்லிலிருந்து காற்று எடுத்து வாருங்கோ. கராஜுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போகாமல், லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கோ.

டொல்பின் ஹையேஸ், டீசல். பெடல் நல்ல இறுக்கம், ஆனா வான் நிக்க மாட்டன் எண்டுது. (நெல்லியடி)

சேவோவுக்கு (மிதியின் பலத்தைக் கூட்டும் பாகம்) வக்குவம் (உறிஞ்சு விசை) போகவில்லை போல. எஞ்சினை நிறுத்தி நாலைந்து தரம் மிதியுங்கோ. பிறகு மிதித்தபடியே ஸ்ராட் பண்ணுங்கோ. பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஒல்ரனேற்றரின் பின்னால் உள்ள வக்குவம் பம்மையும், அதிலிருந்து போகும் ஹோஸையும் பாருங்கோ. ஹோஸ் வெடிப்பு என்றால் செலவு சொற்பம்.

நுவரெலியாவிலிருந்து இறங்கேக்க பிரேக் இல்லாமப் போச்சு. ஆறவிட வந்திட்டுது. ஊருக்கு வந்தாப்பிறகு ஒரு குறையும் இல்லை. (சாவகச்சேரி)

குறை இருக்கிறது, காட்ட இங்கே இறக்கம் இல்லை. தம்பி, யாழ்ப்பாணத்துத் தட்டை ரோட்டில் அரைகுறைப் பிரேக்கும் நல்ல பிரேக்காகத் தெரியும். நுவரெலியா சுமார் 1,900 மீற்றர் உயரம். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 4 சுமார் 230 பாகையில் கொதிக்கும், ஈரம் ஏறினது 155 அளவிலேயே கொதித்து ஆவிக் குமிழி விடும். அப்போது பெடல் இளகிக் கீழே போகும். ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கோ. பெடல் இளகாமல் இறுகி நின்றும் பிடிக்காவிட்டால் சூடேறினது லைனிங். எது என்றாலும் மலை ஏறப் போட்ட அதே கியரில் இறங்கினால் பாதித் தொல்லை இல்லை.

பின்ஷூவில டிஃப் ஒயில் (பின் அச்சுக் கியர் ஒயில்) பட்டிட்டுது. பெற்றோலால கழுவி, மண்கடதாசி தேய்ச்சாச் சரியோ? (பருத்தித்துறை)

சரிவராது. லைனிங் உறிஞ்சிய எண்ணெய் சூட்டில் திரும்ப வெளியே வரும். அச்சின் ஒயில் சீலை மாற்றி, இரண்டு பக்கமும் புது லைனிங் போடுங்கோ. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். தேய்க்கவும் வேண்டாம், தூசியை வாயால் ஊதவும் வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கோ.

வெள்ளத்துக்குள்ளால போனாப்பிறகு முச்சக்கரவண்டி பிரேக் பிடிக்குதில்லை. (காரைநகர்)

டிரம்முக்குள் தண்ணீர். மெதுவாக ஓடியபடி பெடலை இலேசாக அழுத்திப் பிடியுங்கோ, சூட்டில் காய்ந்துவிடும். அடுத்த நாளும் பிடிக்காவிட்டால் கழற்றிப் பார்க்க வேண்டும்.

எம்டி90 மோட்டார்சைக்கிள். பின் பிரேக் றொட்டின்ரை நட் முடியுமட்டும் இறுக்கியாச்சு. லீவரைக் கழட்டி ஒரு பல்லுத் தள்ளிப் போடவோ? (கைதடி)

வேண்டாம். அது தேய்ந்த ஷூவை மறைக்கும் வேலை. ஷூவை விரிக்கும் கேம் அளவுக்கு மிஞ்சித் திரும்பினால் பிரேக் பூட்டிக்கொள்ளும், நீங்கள் ரோட்டில் கிடப்பீர்கள். புது ஷூ வாங்கிப் போடுங்கோ.